மிச்சக்காசு

மலசலகூடம் கட்டி மிஞ்சினதாம்,
இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது.
முத்தையன்கட்டிலிருந்து பஸ் ஏறி வந்து
ஒட்டுசுட்டான் கந்தோரில்
என் மேசையில் வைத்தாள் நாகபூரணி.
பஸ் காசைக்கூடக் கழிக்கவில்லை.

எங்களிடம் படிவங்கள் உண்டு:
கொடுத்ததற்கு,
கொடுத்ததைப் போய்ப் பார்த்ததற்கு,
பார்த்ததைப் படம் பிடித்ததற்கு.
திரும்பி வரும் காசுக்கு ஒன்றுமில்லை.

கொழும்புக்கு எடுத்தேன்.
"கணக்கு மூடியாச்சு.
சீமெந்துக்கு ஒரு பில் கொண்டுவரச் சொல்லும்."

சொன்னேன்.
"வாங்காத சீமெந்துக்கோ?"

போன வருசம் இதே கதிரையில் இருத்தி
நாற்பத்தொரு கேள்வி கேட்டவன் நான்.
கோழி எத்தனை, காதில் கிடப்பது பவுனா,
புருசன் காணாமல் போனதற்கு
அத்தாட்சி இருக்கா.
எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி
அடியில் ஒப்பமும் வைத்தவள்.

"காசு தந்ததுக்கு ஒரு துண்டு தாரும், தம்பி."

சின்னம் பதித்த தாளில் எழுதக் கூசியது.
மகளின் கொப்பி ஒற்றை ஒன்று பையில் கிடந்தது.
'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதினேன்.
ஆறு வருசமாய் மற்றவர்களைக் கொண்டு
எழுதுவித்த சொல்.

காசு இன்னும் லாச்சியில்தான்.

அவள் துண்டை இரண்டுதரம் வாசித்தாள்.
திகதி போடச் சொன்னாள்.