தோன்றல், திரிதல், கெடுதல்

ஒட்டிலி ஜிங்க் காகிதத்தை நீட்டினாள்:
எம்.ஜி., ஐம்பத்தெட்டு, சிவப்பு.
வண்டியோ பச்சை.
கதவிடுக்கில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
பச்சைக்கடியில் மஞ்சள், மஞ்சளுக்கடியில் ஒரு சாம்பல்.
சிவப்பு வரவேயில்லை.

லூனன்பர்க்கில் அக்டோபர். நாங்கள் வருமுன்பே
கடல் உப்பு கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.
"பிரேக் போட்டால் நிற்கிறது" என்றாள்.
"அதற்குத்தானே பிரேக்" என்றான் வெர்னன் நிக்கிள்.
"எஞ்சினும் சேர்ந்து நிற்கிறது, மடையா."

இரண்டு சொல் சேருமிடத்தில்
ஒன்று தோன்றும், ஒன்று திரியும், ஒன்று கெடும்.
பரீட்சையில் கோட்டைவிட்ட அந்த இலக்கணத்தை
டார்ச் அடித்து, குனிந்து,
இங்கே தேடுகிறேன்.

தோன்றியது ஏராளம்.
ஜப்பான் கியர்பெட்டி. அது நுழைவதற்காக
சுத்தியலால் அடித்து வீங்க வைத்த நடுமேடு.
படகிலிருந்து கழற்றிய ஒரு ஸ்விட்ச்,
'மீன்தொட்டி விளக்கு' என்று இன்னும் எழுதியிருக்கிறது,
அழுத்தினால் வைப்பர் ஓடுகிறது.
ஃப்யூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஆணி.
ஃப்யூஸ் என்பது முதலில் சாகச் சம்மதித்த கம்பி.
ஆணி எதற்கும் சம்மதித்ததில்லை.

திரிந்தது மின்சாரம்.
இங்கிலாந்தில் பிறந்தபோது இதற்குப் பாசிட்டிவ்தான் தரை.
யாரோ ஒரு ரேடியோவுக்காக
பாட்டரியைத் திருப்பி வைத்திருக்கிறார்கள்,
காயிலின் இரண்டு ஒயரை மாற்ற மறந்திருக்கிறார்கள்.
ரேடியோ எப்போதோ போய்விட்டது.
அதன் செவ்வக ஓட்டையில் இப்போது என் கை.
ஒயரை மாற்றினேன். பொறி பலத்தது.
பிரேக்கில் எஞ்சின்
பழையபடியே செத்தது.

டிக்கியைத் திறந்ததும் பேச்சு நின்றது.
துரு தின்ற தகரத்தை வெட்டியெறிந்துவிட்டு
படகு கட்டும் எவனோ
கண்ணாடியிழையில் தளம் வார்த்திருக்கிறான்.
மூலைகள் முட்டையோட்டின் உட்புறம் போல.
விரலை ஓட்டினேன், எங்கும் தடுக்கவில்லை.
முழு வண்டியிலும் மனம் வைத்துச் செய்தது
இது ஒன்றுதான்.
அதன் நடுவே பளபளவென்று ஒரு போல்ட்.
பெட்ரோல் பம்பின் தரை ஒயரும்
பின்விளக்குகளின் தரை ஒயரும்
கைகோத்து வந்து அங்கே முடிகின்றன.

கார்புரேட்டர் குழாயைக் கழற்றி
ஊறுகாய் ஜாடிக்குள் விட்டோம்.
சாவியைத் திருப்பு.
டிக் டிக் டிக் டிக், ஜாடியில் பெட்ரோல் ஏறுகிறது.
இப்போது பிரேக்கை மிதி.
டிக்
டி

யாரும் போடாத டாஷ்போர்டு விளக்கு
மங்கலாக, ஏதோ நினைவு வந்ததுபோல், எரிந்தது.

மின்சாரத்துக்கும் வீடு திரும்ப வேண்டும்.
தகரம் இருந்தவரை எந்தப் பக்கமும் வாசல்.
இப்போது மிச்சம், பச்சை பூத்த ஓரிழைச் செப்பு.
பம்ப் ஒருவருக்கு அது போதும்.
விளக்குகளும் வந்தால்
நெரிசலில் யாராவது ஒருவர் நிற்கவேண்டும்.
மற்றவர்கள் அடுத்தவர் வீட்டுக் கொல்லை வழியே போகிறார்கள்.

கெட்டது தகரம். கெடுத்தது அழகு.

சட்டத்துக்கு நேராக ஒரு துளை போட்டால் ஒரு முழம் ஒயர்.
ட்ரில்லை எடுத்த வெர்னன்
தளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு கீழே வைத்தான்.
விளிம்போடு விளிம்பாகச் சுற்றிக்கொண்டுபோய்
மூன்று முழத்தில் சேர்த்தோம்.

"அப்படியானால் இது என்ன வண்டி?"
சட்டத்தில் அடித்த எண்ணைச் சுரண்டினோம்:
ஓர் ஐந்து, பிறகு எட்டோ மூன்றோ,
பிறகு வெல்டிங்.
காப்பீட்டுப் படிவத்தில் ஒட்டிலி எழுதினாள்:
எம்.ஜி., பெரும்பாலும்.

துறைமுகத்துக்கு இறங்கும் செங்குத்துத் தெருவில்
கடைசி வீட்டருகே பிரேக்கை மிதித்தாள்.
சக்கரம் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை.
மூவர் முதுகிலும் அதன் நடுக்கம்.
இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்
ஹாரன் தானாக அடித்தது.
கடற்பறவைகள் எழுந்தன.

அது அடுத்த சனிக்கிழமைக்கு.