தவணை

பதினாறு வருசமாய்ப் புறக்கோட்டையில் கடன் வசூலிக்கிறேன்.
கீசர் வீதியில் என் தலை தெரிந்தால்
ஷட்டரைப் பாதி இறக்குகிறவர்கள் உண்டு.
சாக்குகளை நான் குரலிலேயே பிடிப்பேன்.
மழை, யாவாரம் இல்ல.
முதலாளி கண்டிக்குப் போயிட்டார்.
நிலாம் நானா ஒருதரம்
தன் மாமியாரை மூன்றாம் முறையாக அடக்கம் செய்தார்.
பழைய இரண்டு மையத்துக்கும் தேதி இருந்தது என் கொப்பியில்.
திறந்து காட்டினேன். காசை எண்ணித் தந்தார்.

இதே வாயால்தான்
கிளினிக் மிஸ்ஸிக்குச் சொன்னேன்:
ஸ்டொக் எடுக்கிற மாசம், மிஸ்ஸி.
பிறகு நோன்பு யாவாரம். பிறகு நத்தார்.
பிறகு பெற்றோல் இல்லை.
அந்த வருசம் ஊருக்கே பெற்றோல் இல்லை,
எனக்கு மட்டும் அது இரண்டு வருசம் நீடித்தது.

றெஜினா வாங்கி வைத்த குரக்கன் மாவில்
வண்டு வைத்தது.
அறையில் ஒழுகுகிற இடத்துக்கு ஒரு பெயின்ட் வாளி.
நத்தாருக்குப் பிறகு மேசன் வருவான் என்று
எந்த நத்தார் என்று சொல்லாமல் சொல்வேன்.
வாளியை ஊற்றிவிட்டு வந்து
பிளேன்டீக்கு மூன்று கரண்டி.
சீனி வருத்தம் இல்லாதவன்
கொழும்பில் யாரடி?

வைகாசியில் ஒரு செவ்வாய்.
முகத்துவாரம் பஸ்ஸில் தொங்கி வந்து
ஐந்துலாம்புச் சந்தியில் குதித்தேன்.
செட்டியார் தெரு முழுக்க நடந்தேன்,
இரண்டு கடையில் தவணை வாங்கினேன்,
ஒரு கடையில் சண்டையும் பிடித்தேன்.
லொத்தர் விற்கிற பொடியன்தான் சொன்னான்:
அங்கிள், ஒரு செருப்புத்தானே இருக்கு.

குனிந்தேன்.
வலது கால் வெறுங்கால்.
பதினொரு மணித் தார்.
குதிகாலில் சட்டைப் பொத்தான் அளவு கண்ணாடி,
அதைச் சுற்றி இரத்தம்,
வேறு யாருடையதோ போல.

வலிக்கவில்லை.
இத்தனை காலமும்
இதைத்தான் சுகம் என்று
கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன்.

அடுத்த நாள், விடிய நாலே முக்கால்,
பெரியாஸ்பத்திரியில் நம்பர் முப்பத்தெட்டு.
மிஸ்ஸி ஏசவில்லை.
கிளினிக் கொப்பியை என் பக்கம் திருப்பி
வெறுமையாய்க் கிடந்த மாதங்களில்
விரலை வைத்து வைத்து இறங்கினாள்.
நிலாம் நானாவின் முகம் அப்போது
என்னிடம் இருந்திருக்க வேண்டும்.

இப்போது காலி முகத்திடல் வரை நடக்கிறேன்.
எல்லா நாளும் என்று சொன்னால் பொய்.
சப்பாத்து, தவணைக்குத்தான் வாங்கியது,
இன்னும் இரண்டு கட்டவேண்டும்.

இன்று வெள்ளென மழைச்சத்தம்.
நல்லதாய்ப் போச்சென்று திரும்பிப் படுத்தேன்.
றெஜினா ஜன்னலைத் திறந்தாள்: வீதி காய்ந்திருந்தது.
இரவு பெய்தது
கூரையிலிருந்து வாளிக்குள்
ஒவ்வொன்றாய் விழுந்துகொண்டிருந்தது.

எழும்பினேன்.
மேசனுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை,
திரும்பவும் போட்டேன்.
வாசலில் நின்று
இரண்டு காலிலும் சப்பாத்து இருக்கிறதா என்று
குனிந்து பார்த்துக்கொண்டேன்.