ஐந்து வரிகளுக்குள் எழுதவும்

வெள்ளி மாலை நான்கு மணிக்குள்
அனுப்ப வேண்டிய படிவம்.
"இவ்வாரம் மாணவர்கள் எவ்வாறு கற்றனர்?"
ஐந்து வரிகள். அதற்குக் கீழே பெட்டி முடிந்துவிடுகிறது.
ஹர்லினா எப்போதோ அனுப்பிவிட்டு
எதிர் மேசையில் பீசாங் கோரேங் தின்கிறாள்.
நான் இன்னும் முதல் வரியில்.

செவ்வாய்க்கிழமை சொல்வதெழுதுதல்.
யோகித்தாவுக்குப் பத்துக்கு இரண்டு.
போன வாரமும் இரண்டு,
அதற்கு முந்தைய வாரம், இரக்கப்பட்டு, இரண்டரை.
புள்ளி அவளுக்குக் கொசு மாதிரி.
எங்கெங்கோ உட்காரும்,
வேண்டிய எழுத்தில் மட்டும் உட்காராது.
'அமமா' என்று எழுதிவிட்டு
என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள்.
பதினெட்டு மெய்யையும்
அட்டையில், பாட்டில், தொடுதிரையில்
மூன்று விதமாய் நடத்தியிருந்தேன்.
பாடத்திட்டத்தில் எல்லாக் கட்டமும் பச்சை.

புதன்கிழமை இடைவேளையில் கேண்டீன் காவல் என் முறை.
பொங்கோலில் மழை.
திடலுக்குப் போக முடியாத நானூறு பிள்ளைகளின் இரைச்சல்.
நாலாவது மேசையில் மைலோ கொட்டிக் கிடந்தது.
துடைக்கச் சொல்லப் போனவள்
தூணோரம் நின்றுவிட்டேன்.

அந்த மைலோவில் விரலைத் தோய்த்து
எதிரே இருந்த சிறுமிக்கு
அவள் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள் யோகித்தா.
ஜியா. கொஞ்சம் இடம் விட்டு, என.
பிறகு வறுத்த சோற்றிலிருந்து
ஒரு பட்டாணியைப் பொறுக்கிக்
கடைசி எழுத்தின் தலையில் வைத்தாள்.
"இது வெச்சா இவன் வாய மூடிக்குவான்."
ஆங்கிலத்தில்தான் சொன்னாள்,
என் காதில் இப்படி விழுந்தது.
"எடுத்துட்டா?" என்றாள் ஜியா என்.
யோகித்தா பட்டாணியை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டாள்.
"இப்பப் பேசுவான். னஅஅஅ."
இருவரும் பல் மருத்துவருக்குக் காட்டுவதுபோல்
வாயைப் பிளந்துகொண்டு கத்தினார்கள்.
இன்னொரு பட்டாணி. ஷ்.
தின்றார்கள். னஅஅஅ.
தட்டில் பட்டாணி தீரும்வரை.

பத்தொன்பது வருடமாக
புள்ளி வைக்க மறக்காதே என்றுதான் சொல்லி வருகிறேன்.
அது ஒரு மூடி என்றோ
எடுத்தால் உள்ளே ஒரு குரல் இருக்கிறது என்றோ
எனக்குத் தோன்றியதே இல்லை.

திருடினேன், வேறென்ன.
வியாழக்கிழமை ஒரு டப்பா பட்டாணியோடு வகுப்புக்குப் போனேன்.
தாரகேஷ் ஒன்றை மூக்கில் ஏற்றிக்கொண்டான்.
அவனை அலுவலகத்துக்கு அழைத்துப்போய்த் திரும்புவதற்குள்
தரையெல்லாம் பச்சை.
ரிஃபாய் மட்டும் தன் பட்டாணிகளை
நாற்காலிக்கடியில் பத்துப் பத்தாய்
அடுக்கி முடித்திருந்தான்.
அவன் என்ன கற்றான் என்று எனக்குத் தெரியாது.
லியோங்கிடம் சொன்னால்
அது கணக்குப் பாடம் என்று எடுத்துக்கொள்வார்.
யோகித்தா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்,
இதெல்லாம் நேற்றே முடிந்த சங்கதி
என்பதுபோல.

இன்று மறுதேர்வு.
பத்துக்கு மூன்று.
'அம்மா' சரி. அதிலும் அந்தப் புள்ளி
பச்சைப் பென்சிலில், உருண்டையாக,
பக்கத்து எழுத்தை இடித்துக்கொண்டு.
ஆனால் தாளின் மேலே, பெயர் எழுதும் கோட்டில்,
யோகித்தா என்று எழுதி
ஒவ்வோர் எழுத்தின் மேலும் புள்ளி வைத்திருந்தாள்.
கொம்பின் மேலும். காலின் மேலும்.

பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன்.
வெகுநேரம் கழித்து, தமிழிலேயே, மெதுவாக,
"ஜியா என்னோட சண்டை" என்றாள்.

பெயருக்கு மதிப்பெண் கிடையாது.
சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மணி நான்கு பத்து.
ஹர்லினா கடைசித் துண்டை என் பக்கம் நகர்த்துகிறாள்.
பெட்டியில் இதுவரை
"மாணவர்கள்" என்று மட்டும் இருக்கிறது,
ள் மேல் புள்ளியோடு.