பிரித்து எழுதுக

களியக்காவிளைச் சாவடியில் பேருந்து நிற்கிறது.
முன்னால் கோழி லாரி.
மடியில் கிரேக்க இலக்கணம்.
நாளை எட்டரைக்கு செமினாரியில் தேர்வு.

பிலெஓ: நேசிக்கிறேன்.
அகராதி மட்டும்தான் அப்படி முழுதாய்ச் சொல்லும்.
ஏதென்சுக்காரன் வாயில்
எ-யும் ஓ-வும் நெருக்கியடித்து
பிலோ.
போன எ-க்காகத் தலைக்கு மேல் ஒரு வளைகோடு,
இங்கே ஆள் இருந்தது என்று.

தமிழுக்கு இந்தக் கூத்து ஆகாது.
மணி, அழகு.
நடுவில் ஒரு ய் வந்து நின்றுகொள்ளும்,
இந்தச் சாவடிப் போலீசு மாதிரி.
கையில் தடி, காதில் போன்,
இரண்டு பாஷையிலும் ஒரே 'போ, போ'.

என் பெயர் ஜெலின்.
ஜெபசிங்கில் ஒரு வெட்டு, லில்லிபாயில் ஒரு வெட்டு.
வகுப்பில் ஒரு அஜின், இரண்டு விஜின்.
எல்லாம் யாரோ இருவரின் சுருக்கம்.
அந்த 'ன்' யாருடையது என்று ஒருமுறை கேட்டேன்.
வாய்க்கு நல்லாருக்கும்னு, என்றார் அப்பா.
உபதேசியார் எழுதுனது, என்றாள் அம்மா.
கிரேக்கத்திலும் உண்டு அப்படியொரு ன்.
உயிரும் உயிரும் முட்டிக்கொள்ளாதிருக்க
சொல்லின் கடைசியில் தொற்றிக்கொள்ளும்.
பொருள் கிடையாது.

அப்பாவுக்குப் படந்தாலுமூட்டில் டயர்க் கடை.
அம்மா ஏழு வருஷமாய்ப் பாறசாலையில்.
ஐந்தாறு கிலோமீட்டர், ஒரு மாநிலம்.
பேச்சில்லை.
என்னைக் கூப்பிடும்போது மட்டும்
ஒருவர் பெயரை மற்றவர்
கால்வாசியாவது சொல்லியாக வேண்டும்.

இன்று சாயா ஆற்றிக்கொண்டே
என்ன படிக்கிறாய் என்றாள்.
சொன்னேன்: சேரும் இரண்டில்
அழுத்தம் முதல் உயிரில் இருந்தால்தான் வளைகோடு,
இரண்டாவதில் இருந்தால் வெறும் சாய்கோடு.
"நம்ம வீட்டுல எதுல இருந்துது?"
கேட்டுவிட்டு
சீனி டப்பாவுக்கு மூடி தேடினாள்.
மூடி அவள் கையிலேயே இருந்தது.

தேர்வில் வருவது வேறு.
சுருங்கிய சொல்லைத் தருவார்கள்,
பிரித்து எழுதவேண்டும்.
மூன்று மதிப்பெண்.
கூட்டுக்குறி விட்டுப்போனால் அரை குறையும்.

லாரி நகர்கிறது. இறகு இரண்டு
ஜன்னல் வழியே வந்து புத்தகத்தில் உட்கார்கிறது.
அப்பா போனில்:
"எங்க நிக்க?"
"சாவடியில."
"அவ..."
கடையில் காற்றடிக்கும் சத்தம்.
"சாயா குடிச்சியா?"

குடிச்சேன், அப்பா.
சீனி கொஞ்சம் கூடுதல்.