மைனஸ் ஏழு

மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில்
என் கண்ணாடி மேல் நானே உட்கார்ந்தேன்.
வேறு யாரையும் திட்ட வழியில்லை.
இடது வில்லை நட்சத்திரமாய் வெடித்தது,
வலது வில்லை கடலுக்குப் போனது.

காலை எட்டரைக்குப் பினாங்கு வந்துவிட்டது என்றார்கள்.
வந்திருக்கலாம்.
பச்சையாக ஒன்று, அதன் கீழே வெள்ளையாக ஒன்று,
நனைந்த தாளில் மை இறங்குவது போல
ஊர்.

மலை ரயிலுக்குப் பணம் கட்டியாயிற்று,
ஒருத்தராவது பார்க்கணுமே என்றார் அவர்.
சட்டையில் பதினான்காம் எண் ஒட்டிக்கொண்டு
பேருந்தில் ஏறினார்.
கையாட்டினேன்,
அநேகமாக வேறொரு பேருந்துக்கு.

சுவர் தடவிக்கொண்டே நடந்தேன்.
கடைக்குக் கடை தரை மாறுகிறது:
வழவழப்பு, சொரசொரப்பு, திடீரென்று ஒரு படி,
ஈரம், யாரோ கால் வைத்திருந்த இடம்,
மன்னிக்கணும்.
ஊதுவத்தி முடிந்த இடத்தில் கருவாடு தொடங்கியது.
கருவாட்டுக்கு அப்புறம் புதுத்துணி வாசனை,
ஒலிபெருக்கியில் தமிழ்.
பார்வை போனவளுக்குப் பினாங்கு ஸ்ட்ரீட்
இப்படித்தான் கிடைத்தது.

"பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?"
கண்ணாடிக் கடையில் முதல் கேள்வி.
பசி ஆறும் என்று இத்தனை நாள் தெரியாமல்
டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.
குரலின் பெயர் தேவமலர்.

"முதல் வரி வாசிங்க."
"பலகை எங்கே இருக்கு?"
சிரித்தாள். இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி
வில்லை வில்லையாகப் போட்டாள்.
இது தெளிவா, இது தெளிவா?
ஒன்றா, ரெண்டா?
ரெண்டா, மூணா?
இருபத்தாறு வருடக் குடித்தனத்தில்
எது வேண்டும் என்று என்னை யாரும்
இத்தனை முறை கேட்டதில்லை.
ரெண்டும் ஒண்ணுதான் என்றேன் பயந்துபோய்.
"அதுவும் பதில்தான், ஆன்ட்டி."

நூற்று எண்பத்தைந்து ரிங்கிட், ரெண்டு மணி நேரம்.
என்னிடம் இருநூறு.
மிச்சப் பதினைந்தோடு பக்கத்துக் கடையில் உட்கார்ந்தேன்.
"பஞ்சிரா?" என்றார் பரிமாறுபவர்.
பஞ்சாங்கம் தெரியும், பஞ்சு தெரியும்.
தலையாட்டி வைத்தேன்.
சோற்றின் மேல் மீன், கோழி, நண்டு
எல்லாக் குழம்பும் சேர்ந்து வெள்ளமாக வந்து நின்றது.
பஞ்சிர் என்றால் வெள்ளமாம்.
கப்பலில் ஏழு நாளாக எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில்.

மூன்று மணிக்குத் தேவமலருக்கு முகம் வந்தது:
பல்லில் கம்பி, கம்பியில் ஊதா ரப்பர்,
தாடையில் அவள் மறைக்கப் பார்த்த பரு.
"செர்மின் மாத்தா, மலாயில்" என்றாள்.
செர்மின் ஆடி, மாத்தா கண்.
நம் சொல்லையே
பின்னாலிருந்து படிக்கிறார்கள்.

வெளியே
தையல் மெஷின் உறைமேல் தூங்கும் பூனைக்கு
மீசை இருந்தது, தனித்தனியாக.
மரத்தில் இலைகள் எண்ணிக்கையில் இருந்தன.
அதே ஐந்தடிப் பாதையில் திரும்பினேன்,
கால் தடவி வந்த ஓடுகளில்
அத்தனை பூக்கள்.
மிதிக்கக் கூசியது.

துறைமுகத்துக்கு முன்னால் மணிக்கூண்டு
சாய்ந்து நின்றது.
வயிற்றைக் கலக்கியது. வில்லை தப்போ?
இனித் திரும்பிப் போக நேரமில்லை.
நிழலில் நின்ற ரிக்‌ஷாக்காரரிடம்
கையைச் சாய்த்துக் காட்டிக் கேட்டேன்.
அவரும் அதே அளவு கையைச் சாய்த்தார்.
அது சாய்ந்ததுதான்.

அதன் பின்னால் கப்பல்.
ஊரைவிட உயரமாக,
நங்கூரத் துளைக்குக் கீழே துரு வழிந்து.
இதற்குள்ளா ஏழு நாள் உறங்கினோம்.

மலை முழுக்க மேகமாம்.
அவர் போனை நீட்டினார்.
முப்பத்தோரு படம், எல்லாம் வெள்ளை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன்.
வெள்ளைதான்.
"நீ என்ன பார்த்தே?"

ரப்பர் ஊதா நிறம் என்றேன்.