சும்மா ஒரு நிமிஷம்

சீட்டு எடுத்த பணம் இருபத்திரண்டாயிரம்.
துறைமுக டேலி நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தணிகாசலம் கணக்கெழுதினான்:
மைக், இண்டர்ஃபேஸ், ஹெட்போன், ஸ்டாண்டு, ஒயர்.
இண்டர்ஃபேஸில் ஒரு துளை போதும் என்றேன்.
ரெண்டு துளை என்றால் மூவாயிரத்து இருநூறு கூட.
பாடப்போவது ஒரு வாய்.
இன்னொன்றில் எறும்பு குடியேறவா?

கடைக்காரர் கண்டென்சரைப் பஞ்சிலிருந்து எடுத்தார்.
"எறும்பு மூச்சு வுட்டாக்கூட புடிக்கும் தம்பி."
நாங்கள் இருப்பது கொருக்குப்பேட்டை கேட்டுக்குப் பின்னால்.
எறும்பு மூச்சுவிடும் முன்
நாற்பத்தெட்டு வேகன் சரக்கு ரயில்
மூச்சுவிட்டு முடித்திருக்கும்.
"ரெண்டு நாள் வச்சுப் பாருங்க. டப்பா கிழியக் கூடாது.
பில்ல தொலைச்சா மாத்தித் தர மாட்டேன்."

பத்துக்கு எட்டு அறை.
போன வருஷம் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினோம்.
கரப்பான் வந்ததுதான் மிச்சம்,
ரயில் ஒரு அடிகூடத் தள்ளிப் போகவில்லை.
இப்போது பீரோவைத் திறந்துவைத்து
சட்டைகளுக்குள் முகத்தை விட்டுப் பாடுகிறேன்.
குரல் எதிரொலிக்காமல் காய்ந்து விழுகிறது.
கொஞ்சம் ரசகற்பூர வாசம் அடிக்கும்,
அதை எந்த மைக்கும் பிடிக்காது.

"மொதல்ல பாடாத," என்றான் தணி.
"சும்மா இரு. ஒரு நிமிஷம். ரூம் எப்படிக்கீதுன்னு பாப்போம்."
ஃபேனை நிறுத்தினோம்.
சிவப்பு விளக்கு எரிய
இரண்டு பேரும் திருடர்கள் போல உட்கார்ந்திருந்தோம்.

பிறகு ஹெட்போனில் கேட்டோம், ஆளுக்கு ஒரு காது.
கேட் மூடும் மணி.
பின்னால் வரும் தண்ணி லாரியின் பீப் பீப்.
மாடியில் யாரோ நாற்காலியைத் தூக்காமல் இழுக்கிறார்.
என் வயிறு: மத்தியானம் தின்ற அத்தோ.
தணியின் மூக்கு. அதை அவன் ஒத்துக்கொள்ளவில்லை.
அப்புறம், திரையில் பச்சைக் கோடு
கிட்டத்தட்ட தரையோடு தரையாகக் கிடந்த இடத்தில்
ஏதோ அசைந்தது.
தணி கெயினைத் திருகினான்.
இரைச்சல் எழும்பியது, அதற்குள்ளிருந்து
பெலிசிட்டா அக்கா.

சப்பாத்திக் கட்டையால் சுவரில் இடிக்கிற அதே அக்கா.
"உங்க டமடமாவுக்கு ஒரு சாவு வராதா" என்கிற அதே அக்கா.
எங்கள் பாட்டை முணுமுணுக்கிறார்.
வார்த்தை இல்லை, ம்ம் மட்டும்.
மூன்றாம் வரியின் கடைசியில்,
நாலு மாதமாக நான் வழுக்கி விழுகிற படியில்,
அக்கா விழவில்லை.
ஏறிப் போகிறார்.

மறுபடி கேட்டோம். மறுபடி.
தணி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான், மரியாதையாக.

கதவைத் தட்டினோம்.
"நான் எங்கடா பாடுனேன்?"
கையெல்லாம் சோப்பு நுரை.
ஹெட்போனை நாங்களே மாட்டிவிட்டோம்.
கேட்டார். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.
கழற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:
"ரயில் போற எடத்துல நிறுத்திப் பாடணும்டா.
நீங்க அது மேலயே ஏறுறீங்க."

கண்டென்சரைத் திருப்பிவிடுவது என்று முடிவானது.
நல்ல சாமான்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை,
தெருவையே வீட்டுக்குள் கூட்டிவருகிறது,
எங்களிடம் அவ்வளவு நாற்காலி இல்லை.
டைனமிக் போதும். அது காது மந்தமான மாமனார்,
வாயருகே போய்ச் சொன்னால்தான் கேட்கும்,
ரயிலை ரயிலாகவே விட்டுவிடும்.
இன்னொரு மைக்குக்கு
அக்காவின் தம்பியிடம் கோயில் திருவிழா மைக் இருக்கிறது,
வலை நசுங்கியது, ஆனாலும் பேசும்.

டப்பா கிழியவில்லை. பில் இருக்கிறது.
டேலி நோட்டில் பழைய கணக்கை அடித்துவிட்டு
துளை: ரெண்டு என்று எழுதினான் தணி.
ஸ்டாண்டையும் அடித்தான். துடைப்பக் கட்டை போதுமாம்.
இன்னும் ஆயிரத்து இருநூறு இடிக்கிறது.