வற்றாத நதி, இரண்டாம் மாடி

ஆறாம் அத்தியாயம்: மண் வகைகள்.
அப்பாஸியாவில் ஒரு வாடகை வில்லாதான் எங்கள் பள்ளி.
தோண்டிக் காட்ட மண் இல்லை,
முற்றம் முழுக்கச் சிமெண்டுக் கல்.

அதனால் மொட்டைமாடியில்
மீன் வந்த தெர்மாகோல் பெட்டிகள் ஒன்பதில்
மண்ணைத் தயாரித்தோம்.
தென்னைநார்க் கட்டி பொள்ளாச்சி.
கருப்பாய்ப் பொதபொதவென்ற மூட்டை லாத்வியா.
எரு, வஃப்ராவுக்கு டேங்கர் ஓட்டிப்போன ஸ்டெஃபினின் அப்பா
திரும்பும் வழியில் வாங்கியது.
விதை உறையில் ஒரு டச்சுக்காரி சிரித்தாள்.
சுவர் வரைபடத்தில் நூல் கட்டிக் கட்டி
அரபிக்கடலே தெரியவில்லை.

"இது வண்டலா மிஸ், கரிசலா?"
ஃபஸீஹா கேட்டாள்.
சுங்கத்துறை மண், என்றேன்.
பாதி வகுப்பு அதை எழுதிக்கொண்டது.

தண்ணீருக்கு ஏசிக் குழாய்.
அக்டோபரில் வாளி நிரம்பி வழிந்தது.
டிசம்பரில், செடிக்குப் பிடித்த குளிர் வந்ததும்
ஏசியை அணைத்தார்கள்.
பூக்கிற நேரம் பார்த்து வற்றும் ஆற்றுக்குப்
புத்தகத்தில் பெயர் இல்லை.

கணினி அறையில் மட்டும்
இயந்திரங்களுக்காக வருடம் பூராவும் குளிர்.
ஹாரிஸ் ஸக்கரியா பழைய ஹோஸ் ஒன்று கொடுத்தார்.
ஸ்டெஃபின் நீலப் பென்சிலால் வரைந்தான்:
பிறப்பிடம் கணினி அறை,
கிளை நதி ஸ்டாஃப் ரூம், பருவகாலத்தில் மட்டும்,
கழிமுகம் ஒன்பது பெட்டி.

அளந்து எழுதினார்கள்.
ஞாயிறு நாலு லிட்டர். திங்கள் மூன்றரை. செவ்வாய் நாலு.
வெள்ளி, சனி
ஏசி ஓடியும் அரை டம்ளர்.
தூசி என்றேன். அடைப்பு என்றேன்.
காற்றின் திசை என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.
ஃபஸீஹா ஜன்னல் கண்ணாடியில் வாயால் ஊதி
படிந்த ஆவிமேல் விரலால் எழுதினாள்:
32.

வகுப்புக்கு முப்பத்திரண்டு மூக்கு.
நாளுக்கு ஆறு வகுப்பு.

மறுநாள் கணினி அறையில் ஜோஷ்வா
பெரிது பெரிதாய்க் கொட்டாவி விட்டான்.
கேட்டால், செடிக்காம்.

மார்ச்சில் பதினேழு தக்காளி,
கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிசு.
கடையில் இருப்பதுபோலச் சீட்டு ஒட்ட வேண்டும் என்றார்கள்.
எடை எழுதியாயிற்று.
விலை என்ற இடத்தில் ஒரு கோடு.
விளைந்த நாடு?
பேனா நின்றது.
பிறந்த இடம் ஒன்று, நாடு இன்னொன்று என்று
கையிலேயே அட்டை வைத்திருக்கும் பிள்ளைகள்.
லாத்வியா என்றான் ஒருவன். குவைத் என்றாள் ஒருத்தி.
கணினி அறை, இரண்டாம் மாடி என்று
ஃபஸீஹா எழுதப்போக
ஆளாளுக்கு இழுத்துச் சீட்டு கிழிந்தது.

ஆளுக்குப் பாதி. ஹாரிஸுக்கு முழுசாய் ஒன்று.
எனக்கு, கத்தியில் ஒட்டியிருந்தது.
நல்ல புளிப்பு.

ஏழாம் அத்தியாயம் எப்போது என்று
வாசலில் நின்று கேட்டார் சூப்பர்வைசர்.
நாளைக்கு, என்றேன்,
பல்லிடுக்கில் ஒரு விதையோடு.